டைனோசரைக் கொன்றது யார்? குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு பட்டிமன்றப் பயணம்

கோவையிலிருந்து புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போக எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. சித்தன்னவாசல் ஓவியம் பார்க்கலாம், திருமயம் கோட்டையில் ஏறி மூச்சு வாங்கலாம், நார்த்தாமலைப் பாறையில் உட்கார்ந்து படம் எடுக்கலாம். போன பங்குனியில் நான் போனது டைனோசர் எப்படிச் செத்தது என்று மைக்கில் சொல்வதற்கு. சிரிக்காமல் படியுங்கள். பேருந்து, ஆட்டோ, செலவு விவரம் எல்லாம் வழியிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி கயல்விழியின் ஊர் குன்றாண்டார்கோவிலிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பங்குனியில் அங்கே மாரியம்மன் திருவிழா. அதில் ஒரு நாள் பட்டிமன்றம். வழக்கமாக மாமியாரா மருமகளா, சேமிப்பா செலவா என்றுதான் தலைப்பு வைப்பார்கள். இந்த வருடம் அந்த நாள் செலவை ஏற்றுக்கொண்டவர் குவைத்தில் வேலை பார்க்கும் கயலின் அண்ணன் முறைக்காரர். அவர் மகனுக்கு ஆறு வயது. சாப்பிடுவது, தூங்குவது, டைனோசர் என்று மூன்றே வேலை. அவர் போனில் விழாக் கமிட்டியிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம்: “எம் மகன் வீடியோவுல பாக்கணும். டைனோசர்னா நான் பந்தல் செலவும் தாரேன். மாமியார்னா நீங்களே பாத்துக்கங்க.” பந்தல் செலவு யாருக்குக் கசக்கும்? “டைனோசர்களை அழித்தது வானத்திலிருந்து விழுந்த கல்லா, கூடவே வாழ்ந்த உயிர்களா?” என்று பிளக்ஸ் அடித்துவிட்டார்கள்.

கயல் கோவையில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அந்த மேடையில் பள்ளிக்காலத்தில் இரண்டு முறை, கல்லூரிக்காலத்தில் இரண்டு முறை பேசியிருக்கிறாள். நாலு முறையும் ஆறுதல் பரிசுதான். அவள் மட்டமாகப் பேசினாள் என்பதல்ல காரணம். வெளியூரிலிருந்து வந்து பேசுகிறவருக்கு முதல் பரிசு கொடுப்பதுதான் ஊருக்கு மரியாதை என்று அங்கே ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. சொந்த ஊர்ப் பிள்ளை என்றால் ‘நம்ம பிள்ளதானே, விட்டுக்கொடுக்கும்’ என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். “இந்தத் தடவ முதல் பரிசோடதான் ஊரு திரும்புவேன்” என்று ஒரு மாதமாக வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கல் கட்சியை முதலிலேயே பிடித்துக்கொண்டாள், ஏனென்றால் அதுதான் உண்மை என்று அவளுக்குத் தெரியும்.

எதிர்க்கட்சிக்கு ஆள் வேண்டுமே. கமிட்டிக்காரர்கள் யோசித்துப் பார்த்து, மாப்பிள்ளை எப்படியும் திருவிழாவுக்கு வருவார், தனியாக வண்டிச் செலவு கொடுக்க வேண்டாம் என்று என்னைப் போட்டுவிட்டார்கள். நான் மோட்டார் பம்ப் விற்கிறவன். ஊர் சுற்றி வந்து இந்த வலைப்பூவில் எழுதுவது வார இறுதி வேலை. டைனோசருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் மாமனார் ஊரில் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

சனிக்கிழமை காலை ரயிலில் கிளம்பி மதியத்துக்குள் திருச்சி வந்தோம். ஜங்ஷனுக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் இருவருக்கும் சாப்பாடு 220 ரூபாய், வத்தக்குழம்பு பிரமாதம். அங்கிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்தில் கீரனூர். முப்பது கிலோமீட்டர் இருக்கும், முக்கால் மணி நேரம். பேருந்தில் நான் செல்போனில் என் கட்சிக்கான விஷயங்களைப் படித்துக்கொண்டே வந்தேன். உயிர்களைக் குற்றவாளியாக்க மனிதர்கள் எத்தனை கதை கட்டியிருக்கிறார்கள் தெரியுமா? எலி மாதிரிச் சின்னப் பிராணிகள் முட்டைகளைத் தின்று தீர்த்தன என்று ஒன்று. பூக்கும் செடிகள் வந்து, அவற்றின் விஷத்தைத் தின்று செத்தன என்று ஒன்று. கம்பளிப்புழுக்கள் இலை முழுவதையும் மேய்ந்துவிட்டன, கொசு கடித்து நோய் பரவியது, முட்டை ஓடு மெலிந்துபோனது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. படிக்கப் படிக்க எனக்கு உற்சாகமாகிவிட்டது. பக்கத்து இருக்கையில் கயல் கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தாள். மனப்பாடம்.

கீரனூரிலிருந்து குன்றாண்டார்கோவிலுக்கு நகரப் பேருந்து உண்டு. ஆனால் எங்கள் கண்ணெதிரே ஒன்று போய்விட்டது. ஆட்டோ பிடித்தோம். ஊர்வரைக்கும் 300 ரூபாய், வழியில் கோவிலில் நிறுத்திப் பார்க்கவும் சேர்த்து. ஓட்டுநர் சுப்பையா அண்ணன் பேச்சுக்கு அலைகிறவர்.

“எங்கிட்டிருந்து வாரீங்க? பட்டிமன்றத்துக்கா? பிளக்ஸ் பாத்தேன். அந்தப் பெரிய பல்லி மேட்டர்தானே?”

“ஆமாங்கண்ணா. நீங்க என்ன நெனைக்கிறீங்க, எப்படிச் செத்திருக்கும்?”

“சீக்குதான். வேறென்ன? எங்க வீட்ல போன வருசம் முப்பது கோழிங்க. கழிச்சல் வந்துச்சு பாருங்க, காலையில ஒண்ணு தலையத் தொங்கப்போட்டுச்சு, அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள கூடு காலி. உருவம் பெருசா இருந்தா மட்டும் சீக்கு விட்டுருமா?”

நான் கயலை வெற்றிப் பார்வை பார்த்தேன். அவள் வெளியே முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டு, “ஒங்க கோழி செத்தப்போ ஒங்க ஆடு செத்துச்சாண்ணே? கொளத்துல மீன் செத்துச்சா?” என்று கேட்டாள். “அதெப்படிங்க சாகும்?” என்றார் அவர். “டைனோசர் செத்தப்போ கடல்ல கெடந்ததும் சேந்து செத்துச்சு. ஒரே சீக்கு அத்தனையையும் எப்பிடிண்ணே கொல்லும்?” சுப்பையா அண்ணன் ஆட்டோவை மெதுவாக்கிவிட்டார். “இந்தப் பொண்ணுக்கிட்ட நீங்க பேசி ஜெயிக்கப்போறீங்களா, தம்பி?” என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

குன்றாண்டார்கோவில் குடைவரைக்கு வந்தபோது மணி மூன்று. கோவில் மதியம் சாத்தியிருக்கும், நாலுக்கு மேல்தான் திறப்பார்கள் என்று ஓட்டுநர் முன்பே சொன்னார். நாங்கள் போன நேரத்துக்கு வெளியே இருக்கும் மண்டபம்தான் கிடைத்தது. அதுவே போதும் என்று சொல்லலாம். சக்கரமும் குதிரைகளும் வைத்து, மண்டபம் மொத்தத்தையும் கல்தேர் மாதிரிச் செய்திருக்கிறார்கள். தூண்களுக்கு நடுவே நல்ல நிழல், கொஞ்சம் காற்று, நாலைந்து ஆடுகள். கயல் ஆடுகளைப் பார்த்து “பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே” என்று ஆரம்பித்து ஆறு நிமிடம் முழுதாகப் பேசி முடித்தாள். ஒரு ஆடுகூட எழுந்து போகவில்லை. கதவு திறந்ததும் குடைவரையில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மாமனார் வீட்டில் எனக்கு நடந்த உபசாரத்தை எழுதினால் உங்களில் கல்யாணமாகாதவர்கள் ஏங்கிப்போவார்கள். கல்யாணமாகி இரண்டு வருடமானாலும் அங்கே நான் இன்னும் புது மாப்பிள்ளைதான். மின்விசிறி எந்தப் பக்கம் சுற்றினாலும் என் பக்கம் திருப்பிவிடுவார்கள். நாட்டுக்கோழிக் குழம்பில் ஈரல் என் இலைக்குத்தான் வரும். கயல் தண்ணீர் கேட்டால் “நீயே போய் எடுத்துக்க ஆத்தா” என்பார் அவள் அம்மா, என் அத்தை. இதையெல்லாம் நான் இதுவரை சந்தோஷமாக அனுபவித்துத்தான் வந்திருக்கிறேன்.

ஞாயிறு இரவு பத்து மணிக்கு நாடகம் என்பதால் பட்டிமன்றத்தை மாலை ஐந்தரைக்கே வைத்துவிட்டார்கள். கோவில் எதிரே பந்தல். முன்வரிசையில் பிள்ளைகள், நடுவில் பெண்கள், ஓரத்தில் பைக்கில் சாய்ந்தபடி இளவட்டங்கள். நடுவர் கயலின் பெரியப்பா. கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், தமிழ் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவர் கையில் ஒரு பித்தளை மணி. ஒவ்வொருவருக்கும் ஆறு நிமிடம், முடிந்தால் மணி அடிப்பார்.

கயல் முதலில் பேசினாள். நன்றாகவே பேசினாள். ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுக்கு முன் மலை அளவு கல் ஒன்று விழுந்ததையும், அது கிளப்பிய தூசியில் சூரியன் மறைந்து செடி செத்ததையும், செடி தின்றது செத்ததையும், அதைத் தின்றது செத்ததையும் சொன்னாள். உலகம் முழுக்க அந்தக் காலத்து மண்ணில் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது, பூமியின் மேற்பரப்பில் அரிதாகக் கிடைக்கும் ஒரு உலோகம் அதில் மட்டும் அள்ளிக் கொட்டியதுபோல் இருக்கிறது என்றாள். இன்றைய கோழியும் அந்த டைனோசர் வம்சம்தான் என்று போகிற போக்கில் சொன்னாள். பிறகு நம் அரியலூர்ப் பக்கம் நிலத்தில் கிடைக்கும், நத்தைபோல் சுருண்ட கல்லுருவங்களைப் பற்றி ஆரம்பித்தாள். அந்தக் கடல் பிராணிகளின் வம்சமும் அதே காலத்தில்தான் பூண்டோடு போனது என்று அவள் சொல்ல வாயெடுத்தபோது பெரியப்பா டிங் என்று அடித்துவிட்டார். அவளுடைய ஆகச் சிறந்த வாதம் தொண்டையிலேயே நின்றது.

அடுத்து நான். எழுந்ததுமே கைதட்டல். நல்ல மைக்கை எனக்கு மாற்றிக் கொடுத்தார்கள். யாரோ ஒரு கலர் பாட்டிலைத் திறந்து முன்னால் வைத்தார்.

“பூச்செடி வருவதற்கு முன்னால் டைனோசர்கள் பெரணி இலை தின்றன. வழவழ என்று இருக்கும், வயிறு சுத்தம். பெரணி குறைந்ததும் என்ன ஆயிற்று? மூன்று ஆள் உயர மிருகத்துக்கு மலச்சிக்கல்!” பந்தல் அதிர்ந்தது. சத்தியமாக இப்படியும் ஒரு விளக்கம் முன்பு சொல்லப்பட்டிருக்கிறது, நான் கட்டிவிடவில்லை. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த கதையைச் சொல்லி, கம்பளிப்புழுவை நுழைத்தேன். பின்வரிசை விவசாயிகள் தலையாட்டினார்கள். பிறகு முட்டை. முதலைக்கும் ஆமைக்கும் முட்டையில் ஏறும் சூட்டைப் பொறுத்துத்தான் ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது. டைனோசருக்கும் அப்படி இருந்து, பருவநிலை மாறி, பொரித்ததெல்லாம் ஆணாகப் போயிருந்தால்? “ஊரெல்லாம் மாப்பிள்ளை, பொண்ணு மட்டும் இல்லை. எவ்வளவு தேடினாலும் வரன் அமையவில்லை. வம்சமே போயிற்று!” ஓரத்தில் பைக்கில் சாய்ந்திருந்தவர்கள் விசிலடித்தது இன்னும் காதில் இருக்கிறது. அவர்கள் துக்கம் அவர்களுக்கு.

பேசிக்கொண்டே மேடைக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. மணி அடிக்கவே இல்லை. பெரியப்பா அந்த மணியைத் துண்டால் மூடி வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கயலைப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அது போட்டோவுக்குச் சிரிக்கும் சிரிப்பு. எனக்கு உள்ளே சுருக்கென்றது.

பெரியப்பா எழுந்து இரண்டு பக்கத்தையும் அழகாகத் தொகுத்தார். அத்தை ஈரலை என் இலைக்கு வைக்கும்போது இருக்குமே, அதே முகம். “வானத்துக் கல்லு எப்பவோ வந்துட்டுப் போயிருச்சு. கூட வாழுற உயிருதான் நமக்கு நல்லதும் செய்யுது, கெட்டதும் செய்யுது. எனவே, உயிர்களே காரணம் என்று வாதாடிய நம்ம வீட்டு மாப்பிள்ளைக்கு...” கைதட்டலில் மீதி கேட்கவில்லை. முன்வரிசையில் நாற்பது ஐம்பது பிள்ளைகள், டைனோசர் மலச்சிக்கலில் செத்தது என்று நம்பிக்கொண்டு கைதட்டுகின்றன. இவள் ஒரு மாதம் படித்தது என் வேட்டிக் கரைக்கு முன்னால் எடுபடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. பம்ப் விற்கிறவன் மூளைக்கு என்ன எட்டும்? மாப்பிள்ளைக்கு இருக்கும் ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

மைக்கை வாங்கி, “இந்தத் தீர்ப்பு தப்புங்க. நான் சொன்ன ஒண்ணுக்கும் நிரூபணம் கெடையாதுங்க. பூச்செடியும் டைனோசரும் பலகோடி வருசம் ஒண்ணாத்தான் இருந்துச்சு, புழுவும் அப்படித்தான். கயல் சொன்னதுதான் சரி. தீர்ப்ப மாத்தற வரைக்கும் நான் இந்த ஊருல கை நனைக்க மாட்டேனுங்க” என்றேன்.

மாப்பிள்ளை முறுக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நகைக்கும் வண்டிக்கும் முறுக்கிக்கொள்வார்கள், டைனோசருக்கு முறுக்கிய மாப்பிள்ளை அந்த வட்டாரத்தில் நான்தான் முதல் ஆளாக இருப்பேன். பெண்கள் பக்கம் அத்தை எழுந்தே நின்றுவிட்டார். “அய்யய்யோ, கறி வெந்துக்கிட்டிருக்கே!” பெரியப்பா பதறிப்போய், “அப்ப மாத்திருவோம் மாப்ள, மாத்திருவோம். இதுக்குப் போயி சாப்பாட்டு மேல கோவிச்சுக்கிட்டு” என்று மைக்கைத் தேடினார்.

மைக் கயல் கையில் இருந்தது.

“பெரியப்பா, மாத்தாதீங்க” என்றாள். “அவரு முறுக்குனதுக்காக நீங்க தீர்ப்ப மாத்துனா, அதுவும் அவரு ஜெயிச்ச மாதிரிதான்.”

நான் போய் உட்கார்ந்தேன். என் தியாகம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “எனக்கு ஆறு நிமிசத்துல மணி அடிச்சுட்டீங்க. அவருக்கு அடிக்கல. மிச்ச நேரம் எனக்கு வேணும். பேசறதுக்கு இல்ல. நீங்க கேளுங்க, நான் பதில் சொல்றேன். சரியா சொல்லலேன்னா அந்தப் பரிசு அவருக்கே போகட்டும்.”

நடுவரிசையிலிருந்து, வீட்டில் கோழி வளர்க்கும் பாக்கியம் அத்தை இடுப்பில் கைவைத்து எழுந்தார். “ஏம்மா, நீ பேசுறப்ப கோழியும் அந்த வம்சந்தான்னு சொன்னீல்ல. அம்புட்டுப் பெரிய கல்லு விழுந்து எல்லாம் செத்துப்போச்சுன்னா, கோழி மட்டும் எப்பிடித் தப்பிச்சுச்சு?”

கைதட்டல். இது எங்கள் வீட்டில் ஒத்திகை பார்த்த கேள்வி இல்லை. கயல் மைக்கைக் கை மாற்றிக்கொண்டு யோசித்தாள். பிறகு, “அத்தை, அடை வச்சா கோழிக்குஞ்சு எத்தன நாள்ல வெளிய வரும்?” என்றாள்.

“இருவத்தொரு நாளு.”

“டைனோசர் சிலதுக்கு மூணு மாசம், சிலதுக்கு ஆறு மாசம்கூட ஆயிருக்கும்னு ஆராய்ச்சி பண்ணுனவங்க கணக்குப் போட்டிருக்காங்க. வெளிய தீனி இல்ல, வெயில் இல்ல. ஆறு மாசம் முட்டைய யாரு காப்பாத்துறது? காப்பாத்தி, குஞ்சு வந்தாலும் வண்டி வண்டியா எலை வேணும். கோழி வம்சத்துல அன்னைக்கு இருந்தது சின்னச் சின்ன உசுரு. மண்ணக் கிளறி, காஞ்ச வெதையப் பொறுக்கித் தின்னு பொழைச்சிருக்கலாம்னு சொல்றாங்க. அதுலயும் முக்காவாசி செத்துத்தான் போச்சு. எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னு முடிவாத் தெரியல. ஆனா நான் ஒண்ணு சொல்றேன். கொன்னது கல்லுதான். யாரு பொழைக்கறதுங்கறத ஒடம்பும் முட்டையும் முடிவு பண்ணுச்சு. அந்த அளவுக்கு அவரு கட்சியிலயும் நெசம் இருக்கு.”

பாக்கியம் அத்தை “சரித்தான்” என்றார். “மாப்பிள்ளை சொன்னதும் இந்தப் பிள்ளை சொன்னதுக்குள்ளயே அடங்கிப்போச்சு. இதுக்கு மேல என்னய்யா தீர்ப்பு?” என்று பெரியப்பாவைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பைக் கூட்டத்திலிருந்து விசில் வந்தது, இந்த முறை எனக்கு இல்லை.

பெரியப்பா துண்டை விலக்கி மணியை எடுத்து ஒரு முறை அடித்தார். “மாப்பிள்ளைக்கு மரியாதை செய்யணும்னு நெனச்சுப் பிள்ளைக்கு அநியாயம் பண்ணிட்டேன்” என்று மைக்கிலேயே சொன்னார். எல்லோர் முன்னிலும் அப்படிச் சொல்ல மனது வேண்டும். பிறகு, எந்த வீட்டுப் பெண், யாருடைய மனைவி என்று எதுவும் சேர்க்காமல், “முதல் பரிசு, கயல்விழி” என்று அறிவித்தார். பரிசு ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா. ஆறு படி அரிசி வேகும். எனக்கு ஆறுதல் பரிசு இரண்டு டம்ளர். நான் கை நனைத்தேன். நன்றாகவே நனைத்தேன். ஈரலை அத்தை ஒரு கணம் தயங்கிவிட்டுப் பாதியாக வெட்டி இரண்டு இலையிலும் வைத்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். திருச்சியில் புதுக்கோட்டைப் பேருந்து எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். குன்றாண்டார்கோவிலுக்குக் காலையில் போவது நல்லது. மதியம் போனால் எங்களை மாதிரி மண்டபத்தில் ஆடுகளோடு உட்கார வேண்டும், அதுவும் மோசமில்லை. பங்குனி வெயில் பாறையில் திருப்பி அடிக்கும், குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். ரயில், பேருந்து, ஆட்டோ, வெளிச்சாப்பாடு எல்லாம் சேர்த்து இருவருக்கும் போகவர ஆயிரத்து எண்ணூறுக்குள் முடிந்துவிட்டது. டைனோசரைப் பற்றி யாராவது ஒரே காரணம் சொல்லி அடித்துப் பேசினால், கடலில் இருந்தது ஏன் செத்தது, கோழி ஏன் பிழைத்தது என்று இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். நான் அந்த மேடையில் சொன்ன எதையும் தேர்வில் எழுதிவைக்காதீர்கள்.

இன்னொன்று, பேருந்தில் பெரிய பாத்திரம் ஏற்றினால் லக்கேஜ் டிக்கெட் கேட்பார்கள். திங்கள் காலை கீரனூரில் நாங்கள் ஏறியபோது கயல் அண்டாவை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகமே தெரியவில்லை. நான் வாங்கி மேலே வைக்கிறேன் என்றதற்கு விடவில்லை. நடத்துநர் அண்டாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல கனமாத்தான் குடுத்திருக்காங்க. பொறந்த வீட்டுச் சீராம்மா?” என்று கேட்டார்.

அண்டாவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

“சீர் இல்லீங்க. ஜெயிச்சது. டிக்கெட்டக் குடுங்க.”